பிரெஞ்சுப் புரட்சியில் யாருக்கு என்ன கிடைத்தது: நிலம், காகிதப் பணம், ரொட்டி

பிரெஞ்சுப் புரட்சி என்றதும் பாடப்புத்தகத்தில் ஒரு கேலிச்சித்திரம் வரும். கூன் விழுந்த குடியானவன் முதுகில் ஒரு கிறிஸ்தவக் குருவும் ஒரு பிரபுவும் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். 1789இல் அச்சாகி விற்ற படம் அது. பழைய ஆட்சியில் வரிச் சுமை யார் தலையில் விழுந்தது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. புரட்சிக்குப் பிறகு யார் நிலை என்ன ஆனது என்று கேட்டால் மட்டும் அந்தப் படம் கைகொடுக்காது. நாட்டின் சுமார் 2 கோடியே 80 லட்சம் மக்களில் மிகப் பெரும்பாலோர், குருக்களும் பிரபுக்களும் அல்லாத எல்லோரும், 'மூன்றாம் எஸ்டேட்' என்ற ஒரே பெயருக்குள் அடக்கம். பாரிசைச் சுற்றிய சமவெளியில் பெரும்பண்ணைகளைக் குத்தகைக்கு எடுத்தவரும் அதில்தான். அவரிடம் கூலிக்குக் கதிர் அறுத்தவரும் அதில்தான். போர்தோ துறைமுகத்தில் சர்க்கரைக் கப்பல் வைத்திருந்த வணிகரும் அதில்தான். புரட்சி இந்த மூவரையும் மூன்று திசையில் கொண்டுபோய் விட்டது.

சட்டங்களின் முழக்க வரிகளைத் தாண்டி உட்பிரிவுகளைப் படித்தால் ஒன்று புரியும். ஒருவர் எந்த எஸ்டேட்டில் பிறந்தார் என்பதைவிட, 1789இல் அவர் கையில் சொந்த நிலம் இருந்ததா, ரொக்கம் இருந்ததா, உழைக்கும் கை மட்டும் இருந்ததா என்பதே அவருடைய அடுத்த பத்தாண்டைத் தீர்மானித்தது.

முதலில் கிராமம். 1789 ஜூலை கடைசியில் பிரபுக்கள் கொள்ளையரை ஏவிவிடுகிறார்கள் என்ற வதந்தியால் 'பெரும் பீதி' நாட்டின் பெரும்பகுதியில் பரவி, பிரபுக்களின் மாளிகைகளில் இருந்த கடமைப் பதிவேடுகளை ஊரார் கொளுத்தினார்கள். ஆகஸ்ட் 4 இரவு வெர்சாயில் கூடிய மன்றத்தில் பிரபுக்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் சலுகைகளைத் துறந்தார்கள். 11ஆம் தேதி முடிவான ஆணை, நிலப்பிரபுத்துவ முறையைத் தேசிய மன்றம் முற்றிலுமாக ஒழிக்கிறது என்று தொடங்குகிறது. இனி எதுவும் கட்ட வேண்டாம் என்றுதான் குடியானவர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள்.

ஆணையின் மீதிப் பகுதி அப்படிச் சொல்லவில்லை. கடமைகளை அது இரண்டாகப் பிரித்தது. பண்ணையடிமை முறையின் மிச்சங்கள், வெட்டி வேலை போல ஆளைப் பிணைத்தவை இழப்பீடு இல்லாமல் ஒழிந்தன. நிலத்தோடு ஒட்டியவை, அதாவது ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் ரொக்கம், விளைச்சலில் ஒரு பங்கு, நிலம் கைமாறும்போது பிரபுவுக்குச் செலுத்தும் கட்டணம் எல்லாம், பிரபுவின் 'சொத்து' என்று கருதப்பட்டன. வேண்டாம் என்றால் குடியானவர் விலை கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும். 1790 மே மாத ஆணை விலையை நிர்ணயித்தது: ரொக்கக் கடமைக்கு ஆண்டுத் தொகையைப் போல் 20 மடங்கு, தானியமாகக் கொடுப்பதற்கு 25 மடங்கு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சிறு நிலக்காரர் ஆண்டுக்கு 10 லீவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) ரொக்கமும் 30 லீவ்ர் பெறுமான தானியமும் கொடுத்துவந்தார் என்று வைத்துக்கொள்வோம். மீட்க வேண்டிய தொகை 200 கூட்டல் 750, ஆக 950 லீவ்ர். வாக்குரிமைக் கணக்குக்காக ஒரு நாள் கூலியை 1 லீவ்ருக்கு மேல் மதிப்பிடக் கூடாது என்று அதே மன்றம் வரம்பு வைத்திருந்தது. அப்படியானால் இது கிட்டத்தட்ட ஆயிரம் நாள் கூலி. இதோடு, ஆண்டுக் கடமையை மட்டும் தனியாக மீட்க முடியாது, கைமாற்றக் கட்டணத்தையும் சேர்த்தே மீட்க வேண்டும் என்று இன்னொரு நிபந்தனை. கடன் கொடுக்க அரசு ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. பெரும்பாலோர் மீட்கவும் இல்லை, கட்டவும் இல்லை. கெர்சி, பெரிகோர், லிமூசான் பகுதிகளில் 1789–90 குளிர்காலத்திலேயே கலகம் மூண்டது.

முடிச்சு அவிழ்ந்தது மன்னராட்சி வீழ்ந்த பிறகுதான். 1792 ஆகஸ்ட் 25 சட்டம், மூலப்பத்திரத்தைக் காட்ட முடிந்தால்தான் பிரபு கேட்கலாம் என்று நிரூபிக்கும் பொறுப்பைத் தலைகீழாக மாற்றியது. பல தலைமுறை பழைய மூலப்பத்திரம் எத்தனை பேரிடம் இருக்கும்? 1793 ஜூலை 17 சட்டம் மிச்சத்தையும் இழப்பீடின்றி ஒழித்து, பத்திரங்களை எரிக்கச் சொன்னது. 1789இல் எழுதிய வாக்கியம் வயலுக்கு வந்துசேர நாலு வருடம் ஆயிற்று. மன்றத்தின் பெருந்தன்மையால் வந்தது என்று நான் இதைச் சொல்ல மாட்டேன். கட்ட மறுத்த குடியானவர்களின் பிடிவாதம்தான் அதை வயல்வரை இழுத்துக்கொண்டு வந்தது.

ஆனால் இதனால் லாபம் யாருக்கு? சொந்த நிலம் வைத்திருந்தவருக்கு. தேவாலயத்துக்குச் செலுத்திய தசமபாகம் ஒழிந்த கதையைப் பாருங்கள். சொந்த நிலக்காரருக்கு அந்தப் பங்கு அப்படியே மிச்சம். குத்தகைதாரருக்கோ, ஒழிந்த தசமபாகத்தின் மதிப்பை நில உரிமையாளர் குத்தகையோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று 1790 இறுதியில் சட்டம் வந்தது. பிரெஞ்சுக் குடியானவர்களில் கணிசமானோருக்குக் குத்தகையோ வார நிலமோதான் பிழைப்பு. குரு வீட்டுக்குப் போன கதிர்க்கட்டு இப்போது நிலக்காரர் வீட்டுக்குப் போனது. ஏழையோ வசதிக்காரரோ, விதைத்த எல்லோருக்கும் கிடைத்த ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும்: பிரபுக்களின் தனி வேட்டை உரிமையும் புறாக்கூட்டு உரிமையும் போயின. பிரபு வளர்த்த புறா விதையைத் தின்றாலும் விரட்டக் கூடாது என்றிருந்த கொடுமை எளிதில் மறக்கக்கூடியது அல்ல.

அடுத்தது நிலச் சந்தை. 1789 நவம்பர் 2 அன்று தேவாலயச் சொத்து முழுவதும் தேசத்தின் வசம் வந்தது. பிறகு நாட்டைவிட்டு ஓடிய பிரபுக்களின் சொத்தும் சேர்ந்தது. 1790 மே விதிகளின்படி விவசாய நிலம் ஏலத்தில் போகும். எடுத்தவர் உடனே 12 விழுக்காடு கட்ட வேண்டும். மீதியை 5 விழுக்காடு வட்டியோடு 12 ஆண்டுத் தவணையில் கட்டலாம். கேட்க எளிதான நிபந்தனையாகத்தான் இருக்கிறது. ஆனால் மடத்து நிலம் பெரும்பாலும் முழுப் பண்ணையாகவே ஏலத்துக்கு வந்தது. ஏலம் நடந்ததோ மாவட்டத் தலைநகரில். 10,000 லீவ்ர் பண்ணைக்கு முன்பணமே 1,200. நகரத்து வழக்கறிஞர், நோட்டரி, பெருங்குத்தகைக்காரர் ஆகியோரிடம் அது இருந்தது. ஊர்க்காரர்கள் பணத்தைக் கூட்டாகப் போட்டு ஏலம் எடுத்துத் தங்களுக்குள் பிரித்துக்கொண்ட இடங்களும் உண்டு. 1793 ஏப்ரல் 24 சட்டம் அந்தக் கூட்டு ஏலத்தைத் தடைசெய்தது. ஏலத்தொகை ஏறாமல் தடுக்கும் சூழ்ச்சி என்று காரணம் சொன்னார்கள்; கருவூலத்துக்கு அது நியாயமாக இருக்கலாம், ஏழைக்கு இருந்த ஒரே வழியும் அதோடு அடைபட்டது. அதே ஆண்டு ஜூனில், ஓடிப்போனவர்களின் நிலத்தைச் சிறு துண்டுகளாக்கி 10 ஆண்டுத் தவணையில் விற்க முடிவு செய்தபோதுதான் சிறு விவசாயி ஓரளவு உள்ளே நுழைய முடிந்தது.

இங்கேதான் காகிதப் பணம் வருகிறது. விற்கப்போகும் நிலத்தை ஈடாகக் காட்டி அரசு அசின்யா என்ற தாளை அச்சடித்தது. முதலில் 40 கோடி லீவ்ர். 1792இல் ஆஸ்திரியாவோடு போர் வந்ததும் அச்சு நிற்கவே இல்லை. 1795 முடிவில் 100 லீவ்ர் தாள் 1 லீவ்ர் நாணயத்துக்குக்கூடப் பெறவில்லை. 1791இல் ஏலம் எடுத்து, இன்னும் 5,000 லீவ்ர் பாக்கி வைத்திருந்தவர், அந்தத் தாளிலேயே பாக்கியை அடைத்தால் உண்மையில் அவர் கொடுத்தது 50 லீவ்ருக்கும் குறைவு. பெருங்குத்தகைக்காரரும் தானியத்தைக் கிராக்கி விலைக்கு விற்று, குத்தகையைத் தாளில் கட்டினார். இது அளவு மீறிப் போனதால் 1795 ஜூலையில், குத்தகையில் பாதியைத் தானியமாகத் தர வேண்டும் என்று சட்டமே போட வேண்டியதாயிற்று. தாளில் கூலி வாங்கித் தாளில் ரொட்டி வாங்கியவருக்கு இதே காகிதம் நஞ்சாக அமைந்தது.

வடகோடியில் உள்ள நோர் மாவட்டத்தின் நில உடைமை நுணுக்கமாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. 1789இல் அங்கே தேவாலயத்திடம் இருந்த சுமார் 20 விழுக்காடு நிலம் 1802இல் பூஜ்யம். பிரபுக்களின் பங்கு 22இலிருந்து 12 ஆனது. நகரத்து முதலாளிகளின் பங்கு 16இலிருந்து 28க்கும், குடியானவர்களின் பங்கு 30இலிருந்து 42க்கும் ஏறியது. குடியானவர்கள் இவ்வளவு பெற்ற மாவட்டங்கள் அதிகம் இல்லை.

நிலமற்றவருக்காகவே வந்த சட்டம் 1793 ஜூன் 10 அன்று நிறைவேறியது: ஊர்ப் பொது நிலத்தை வயது, ஆண், பெண் வேறுபாடில்லாமல் தலைக்கு ஒரு பங்காகப் பிரிக்கலாம். பிரிப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் கூட்டத்தில் 21 வயது நிறைந்த பெண்களும் வாக்களிக்கலாம். மூன்றில் ஒரு பங்கினர் ஆதரித்தாலே போதும். புரட்சிக் காலச் சட்டங்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான். ஆனாலும் பல ஊர்களில் ஏழைகளே இதை விரும்பவில்லை. ஒரே ஒரு பசுவை மேய்ச்சல் புறம்போக்கில் விட்டுப் பால் கறந்தவருக்குக் கையகல நிலத் துண்டு கிடைத்தால் அதில் பசுவும் மேயாது, போதுமான தானியமும் விளையாது. கடைசியில் அதை அடுத்த வயல்காரருக்கு விற்க நேரிடும். 1796இல் இந்தச் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் மேற்குப் பிரான்சில் உள்ள வாந்தே பகுதி ஏன் பற்றி எரிந்தது என்பது ஓரளவு விளங்கும். அங்கே குடியானவர்களில் பெரும்பாலோர் குத்தகைக்காரர்கள். கடமை ஒழிப்பால் அவர்களுக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. தேவாலய நிலத்தைப் பக்கத்து நகரத்துக்காரர்கள் வாங்கினார்கள். ஊர்க் குருவைத் துரத்தியதும் அதே நகரத்துக்காரர்களின் ஆட்சி. 1793 பிப்ரவரியில் 3,00,000 பேரைப் படைக்குத் திரட்ட ஆணை வந்தது. பதவியில் இருந்தவர்களுக்கு அதிலிருந்து விலக்கு கிடைத்தது. மார்ச்சில் கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்கிய விதத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அவர்களை வெறும் அரச விசுவாசிகள் என்று ஒதுக்கிவிடுவது அநியாயம்.

திருச்சபைக்கு வருவோம். ஆயரையும் கிராமப் பங்குத்தந்தையையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. 1786 விதிப்படி பல பங்குத்தந்தையருக்கு ஆண்டுக்கு 700 லீவ்ர்தான். 1790 ஜூலை 12 அன்று வந்த குருக்களுக்கான குடிமைச் சாசனம் அதைக் குறைந்தது 1,200 ஆக உயர்த்தியது. ஆயர்களின் வருமானத்தை வெட்டி, மறைமாவட்டங்களை 83 ஆகக் குறைத்தது. 1789 ஜூனில் மூன்றாம் எஸ்டேட்டோடு முதலில் வந்து சேர்ந்தவர்களும் இந்த எளிய குருக்கள்தான். அவர்களைப் பிளந்தது பணம் இல்லை, சத்தியப்பிரமாணம். அரசமைப்புக்கு விசுவாச உறுதிமொழி எடுக்காவிட்டால் பதவி போகும் என்று 1790 நவம்பரில் ஆணை. ஆயர்களில் ஏழு பேர் எடுத்தார்கள்; பங்குத்தந்தையரில் பாதிக்குச் சற்று மேல். 1791 வசந்தத்தில் போப் கண்டித்ததும் எடுத்தவர்களில் சிலர் திரும்பப் பெற்றார்கள். மறுத்தவர்கள் 1792இல் நாடு கடத்தப்பட்டார்கள். செப்டம்பர்ப் படுகொலையில் 200க்கும் மேற்பட்ட குருக்கள் பாரிசில் கொல்லப்பட்டார்கள். எடுத்தவர்களுக்கும் வாழ்வில்லை: 1793–94இல் ஆலயங்கள் மூடப்பட்டன, 1794 செப்டம்பரில் சம்பளமும் நின்றது.

திருச்சபையோடு சேர்ந்து விழுந்தவர்கள் நோயாளிகளும் அநாதைக் குழந்தைகளும். மருத்துவமனைகளை நடத்தியவர்கள் கன்னியாஸ்திரீகள். அவற்றின் வருமானம் தசமபாகத்திலிருந்தும் நகர நுழைவு வரியிலிருந்தும் நிலத்திலிருந்தும் வந்தது. முதல் இரண்டும் ஒழிந்தன. 1794 ஜூலையில் நிலமும் தேசிய உடைமையானது. ஏழைகளுக்கு அரசே உதவித்தொகை தரும் திட்டம் அந்த ஆண்டு மே மாதம் அழகாக எழுதப்பட்டது, ஆனால் கஜானாவில் பணமில்லை. 1796இல் விற்காமல் மிஞ்சிய சொத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பிரபுக்கள் எல்லோரும் கில்லட்டினுக்குப் போனார்கள் என்ற எண்ணத்தைப் பதிவேடுகள் மறுக்கின்றன. 'பயங்கர ஆட்சி' என்று பெயர் பெற்ற 1793–94 ஒடுக்குமுறையில் முறைப்படி மரண தண்டனை பெற்றவர்கள் 16,594 பேர். அவர்களில் பிரபுக்கள் சுமார் 8.5 விழுக்காடு, குருக்கள் 6.5, கைவினைஞரும் தொழிலாளரும் 31, குடியானவர்கள் 28. மக்கள்தொகையில் பிரபுக்களின் பங்கு மிகச் சிறியது என்பதால் அவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது உண்மை. ஆனாலும் விழுந்த தலைகளில் பெரும்பாலானவை எளிய மக்களுடையவை. கிராமத்து மாளிகையில் வாயை மூடிக்கொண்டு இருந்த பிரபுக்களில் பலர் பட்டத்தையும் கடமை வரவையும் இழந்தார்கள், நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். கணவர் வெளிநாடு ஓடியதும் மனைவி சட்டப்படி விவாகரத்து வாங்கித் தன் பங்குச் சொத்தைக் காத்ததும், வேறு ஆள் பெயரில் தங்கள் நிலத்தையே ஏலத்தில் எடுத்ததும் நடந்தன.

நகரத்துப் பணக்காரர்களும் ஒரே கூட்டம் இல்லை. நிலம் வாங்கியவர் பிழைத்தார். அரசுக் கடன் பத்திரத்தின் வட்டியில் வாழ்ந்தவர்கள் முதலில் மதிப்பிழந்த தாளை வட்டியாகப் பெற்றார்கள். 1797 செப்டம்பரில் கடனில் மூன்றில் இரண்டு பங்கு பயனற்ற சீட்டுகளாக மாற்றப்பட்டபோது அடியோடு சாய்ந்தார்கள். போர்தோவும் நாந்தும் கடல் வணிகம் முடங்கிப் படுத்தன. லியோன் பட்டு நெசவாளர், சரிகைப் பின்னல் பெண்கள், பொய்முடி செய்பவர், மாளிகை வேலைக்காரர் என்று பிரபுக்களின் செலவை நம்பிப் பிழைத்தவர்களுக்கு வேலையே போயிற்று.

கூலித் தொழிலாளிக்கு நடந்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். 1791 மார்ச்சில் கைவினைச் சங்கங்கள் ஒழிக்கப்பட்டன. எவரும் எந்தத் தொழிலும் செய்யலாம். அந்த வசந்தத்தில் பாரிஸ் தச்சர்கள் நாளுக்கு 50 சூ (20 சூ ஒரு லீவ்ர்) குறைந்தபட்சக் கூலி கேட்டுக் கூட்டம் போட்டார்கள். ஜூன் 14 அன்று வந்த லெ ஷப்லியே சட்டம், தொழிலாளர் ஒன்றுகூடிக் கூலி பேசுவதையே குற்றமாக்கியது. வேலைநிறுத்தம் செய்யும் உரிமை வர 1864 வரையும், சங்கம் வைக்கும் உரிமைக்கு 1884 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. வாக்குரிமையும் மூன்று நாள் கூலிக்குச் சமமான நேரடி வரி கட்டும் 25 வயது ஆண்களுக்கு மட்டும். வீட்டு வேலைக்காரருக்குக் கிடையாது.

ரொட்டிதான் அவர்கள் அரசியல். சாதாரண நாட்களில் 8, 9 சூ விற்ற நாலு பவுண்டு ரொட்டி, 1789 பிப்ரவரியில் பாரிசில் 14½ சூ. 1793 செப்டம்பர் 29இல் அவர்களுடைய அழுத்தத்தால் உச்சவரம்புச் சட்டம் வந்தது: பொருள் விலை 1790 விலையைவிட மூன்றில் ஒரு பங்கு மட்டும் கூடலாம், கூலி பாதி கூடலாம். காகிதத்தில் இது தொழிலாளிக்குச் சாதகம். நடைமுறையில், விவசாயி அந்த விலைக்குத் தானியத்தைச் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. போர்க்காலத்தில் ஆள் பற்றாக்குறையால் பாரிசில் கூலியோ வரம்பைத் தாண்டி ஏறியிருந்தது. 1794 ஜூலை 23 அன்று நகராட்சி கூலி வரம்பை அறிவித்தபோது பலருக்குக் கையில் வாங்கும் காசே குறைந்தது. நாலு நாள் கழித்து, பயங்கர ஆட்சியின் முதன்மைத் தலைவரான ரோபெஸ்பியர் வீழ்ந்தபோது அவரைக் காக்க அந்தத் தெருக்கள் எழாததற்கு இதுவும் ஒரு காரணம். டிசம்பரில் உச்சவரம்பே ரத்தானது. அந்தக் கடுங்குளிரில் விலை எட்டாத உயரத்துக்குப் போய், 1795 மே 20 அன்று 'ரொட்டியும் 1793 அரசமைப்பும்' என்று முழங்கிக்கொண்டு மக்கள் மன்றத்துக்குள் புகுந்தார்கள். அடக்கியது ராணுவம்.

அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நின்றவர்கள் பெண்கள். 1789 அக்டோபரில் மன்னரை வெர்சாயிலிருந்து பாரிசுக்கு அழைத்து வந்ததும் பெண்களே. ஆயினும் 1793 அக்டோபர் 30 அன்று பெண்கள் சங்கங்கள் எல்லாம் தடைசெய்யப்பட்டன. நாலு நாள் கழித்து, பெண் உரிமைக்காக எழுதிய ஒலாம்ப் தெ கூழ் கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டார். அரசியலில் கதவு மூடப்பட்ட அதே காலத்தில் வீட்டுச் சட்டம் திறந்தது. 1792 செப்டம்பர் 20 சட்டம் பரஸ்பர சம்மதத்தின் பேரிலும், மனம் ஒத்துப்போகவில்லை என்ற காரணத்துக்காகவும்கூட விவாகரத்து தந்தது. 1794 ஜனவரிச் சட்டம் வாரிசுகளுக்கு முழுச் சமபங்கு தந்தது, அதுவும் 1789 ஜூலை 14 முதல் முன்தேதியிட்டு. சீதனத்தோடு மகளை அனுப்பிவிட்டு நிலத்தை மகன்களுக்கே வைத்த நோர்மாந்திப் பகுதியில் அக்கா தங்கைகள் அண்ணன் தம்பிகள்மேல் வழக்குத் தொடுத்தார்கள். 1795 ஆகஸ்டில் முன்தேதி ரத்தானதும் பழைய பாகப்பிரிவினைகள் மறுபடி கிளறப்பட்டன.

1804இல் நெப்போலியன் சட்டத்தொகுப்பு மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதியது. 1816இல் விவாகரத்தே போயிற்று, திரும்ப வர 1884 ஆனது. மகளின் பங்கு மட்டும் நிலைத்தது: மூன்று அல்லது அதற்கு மேல் பிள்ளைகள் இருந்தால் பெற்றோர் தம் விருப்பப்படி எழுதி வைக்கக்கூடியது சொத்தில் கால் பங்குதான், மீதி எல்லோருக்கும் சமம். 1881 ஆணையின் கீழ் மரபுச் சட்டத்தைத் துறந்த புதுச்சேரி ரெனோன்சான் குடும்பங்களுக்கும் பொருந்தியது இந்தச் சட்டத்தொகுப்பே.

கடலுக்கு அப்பால், கரீபியத்தில் பிரான்சின் சர்க்கரைக் குடியேற்றமான சான் டொமிங்கோவில் அடிமைப்பட்டிருந்த சுமார் 5 லட்சம் பேரை மனித உரிமைப் பிரகடனம் எண்ணிப் பார்க்கவில்லை. 1791 ஆகஸ்டில் அவர்களே எழுந்தார்கள். 1793இல் அங்கே விடுதலை அறிவிக்கப்பட்டது. பாரிஸ் அதை எல்லாக் குடியேற்றங்களுக்கும் சட்டமாக்கியது 1794 பிப்ரவரி 4 அன்று. ஆங்கிலேயர் வசம் போன மார்த்தினிக்கில் அது நுழையவே இல்லை. இன்றைய மொரீஷியசில், 1796இல் சட்டத்தோடு வந்த பிரதிநிதிகளைத் தோட்ட முதலாளிகள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அங்கே அடிமைகளாக இருந்தோரில் சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. குவாதலூப்பில் விடுதலை பெற்றவர்கள் 1802இல் மீண்டும் அடிமையாக்கப்பட்டார்கள். சான் டொமிங்கோ மட்டும் போரிட்டு, 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டியானது.

1825 ஏப்ரலில், பத்தே நாள் இடைவெளியில், பத்தாம் சார்ல் மன்னரின் அரசு இரண்டு இழப்பீட்டுக் கணக்குகளைத் தீர்த்தது. ஓடிப்போய் நிலம் இழந்த பிரபுக்களுக்குக் கிட்டத்தட்ட 100 கோடி ஃபிராங்க், 3 விழுக்காடு அரசுப் பத்திரமாக, பிரெஞ்சு வரிப்பணத்திலிருந்து. தோட்டத்தையும் அடிமைகளையும் இழந்த முதலாளிகளுக்காக 15 கோடி ஃபிராங்க், ஹைட்டியிடமிருந்து, போர்க்கப்பல்களைக் காட்டி மிரட்டி. முதல் தவணைக்கே ஹைட்டி பாரிசில் 3 கோடி ஃபிராங்க் கடன் எழுத வேண்டியிருந்தது; தரகும் தள்ளுபடியும் போகக் கைக்கு வந்தது 2 கோடியே 40 லட்சம்.